தேனடைக்குக் கீழே போன ஊர்வலம்

நான் சொல்லப்போவது ஒரு சாவு ஊர்வலத்தைப் பற்றி. முகம் சுளிக்காதீர்கள். சின்னச் சின்னக் கைத்தொழில் பட்டறைகளுக்குப் போய், பூச்சி பறவை மரம் மட்டை எதையும் அழிக்காமல் தொழில் செய்யுங்கள் என்று சொல்லும் வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். அந்த வேலையில்தான் எனக்கு முடி நரைத்தது. ஓய்வு பெற்று லாஸ்பேட்டையில் வீட்டோடு கிடக்கிறவளைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்றார் உங்கள் அதிகாரி. நான் நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை என்பதை யாராவது அவரிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

நீங்கள் பட்டறைகளில் காட்டப்போகும் படங்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஒரு உலக உருண்டை, அதன் மேல் ஒரு பச்சை இலை. எந்தப் பட்டறையில் உலக உருண்டை செய்கிறார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம். கனகசெட்டிக்குளத்தில் சிப்பியிலும் சங்கிலும் விளக்கு செய்கிற ஒருவரிடம், உயிருள்ள சங்கைக் கடலிலிருந்து எடுக்காதீர்கள் என்று போய் நின்றேன். “நீங்க மொதல்ல மீன் கொழம்ப வுடுங்க, அப்பறம் பேசலாம்” என்று வாசலோடு அனுப்பிவிட்டார். நான் மீன் குழம்பையும் விடவில்லை, அவரையும் விடவில்லை. அடுத்த முறை போனபோது கடலைப் பற்றிப் பேசவே இல்லை. கரையில் தானாக ஒதுங்கிய சங்கு என்றால் வேகவைத்துச் சதையை நோண்டி எடுக்கிற வேலை கிடையாது, பட்டறையும் நாறாது என்றேன். அன்றைக்கு உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். எதிரில் நிற்கிறவர் கையில் என்ன இருக்கிறதோ அதைப் பற்றிப் பேச வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு ஒடுக்கமான சந்தில் பிலோமினா என்று ஒரு பெண் மெழுகுதிரிப் பட்டறை நடத்துகிறாள். பழைய காலத்து மாடி வீட்டின் கீழ்த்தளம், பின்னால் முற்றம், வேலைக்குப் பக்கத்துத் தெருப் பெண்கள் ஆறேழு பேர். புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற பங்குக் கோயில்களுக்குப் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, ஏற்றுகிற பெரிய திரி அவள் பட்டறையில்தான் வார்க்கப்படும். அதற்குத் தேன்மெழுகு வேண்டும். பிலோமினாவுக்கு வந்துகொண்டிருந்த மெழுகு, பந்தம் கொளுத்தி மலைத்தேனீயை எரித்துவிட்டு அறுத்த அடையிலிருந்து வந்தது. உயரமான மரத்திலும் மாடியிலும் பெரிய பலகை மாதிரி அடை கட்டித் தொங்குமே, அந்தத் தேனீதான். நம் பக்கத்துப் புளியும் முருங்கையும் காய்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

அவளை நான் எப்படி மாற்றினேன் என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். நான் மாற்றவில்லை. போகும்போதெல்லாம், உருக்கிய மெழுகை வடிகட்டுகிற துணி பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான். ஒரு நாள் அவளே அந்தத் துணியை விரித்துக் காட்டினாள். கருகிய தேனீ, வெந்த புழு, சாம்பல்.

“இத வடிகட்டிட்டுத்தான் சாமிக்கு ஏத்துறோமா மேடம்?” என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அது என் திட்டமாகப் போயிருக்கும். பேசாததால் அவள் முடிவாக ஆனது. தேனீக்கள் தாமாக விட்டுப்போன அடையின் மெழுகை மட்டும் வாங்குவேன் என்று விற்க வருகிறவர்களிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பெயரும் வைத்தாள். எரித்து எடுத்தது ‘சுட்ட கூடு’, தேனீ போன பிறகு எடுத்தது ‘விட்ட கூடு’. திரியைச் சுற்றும் காகிதத்திலும் ‘விட்ட கூட்டு மெழுகு’ என்றே அச்சடித்தாள். பங்குச் சாமியார்கள் பிரசங்கத்தில் அதைச் சொன்னார்கள். மற்ற திரிகளையும் அவளிடமே வாங்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை ஆபீஸில் உட்கார்ந்து பத்துப் பேர் யோசித்தாலும் வந்திருக்காது.

இப்படிப் பெயர் எடுத்தவள் வீட்டு மாடியிலேயே மலைத்தேனீ வந்து கட்டினால் எப்படி இருக்கும்? கட்டியது. பாஸ்காவுக்கு முந்தின தவக்காலம் தொடங்கி, பட்டறையில் மூச்சுவிட நேரமில்லாத சமயம். மாடி வளைவுக்கு அடியில், சந்துப் பக்கமாக, ஒரு ஆள் கை விரித்த அகலத்துக்கு அடை தொங்கியது. பிலோமினா பயப்படவில்லை. வாசனைத் திரி வார்ப்பதை நிறுத்தினாள், சந்துப் பக்க விளக்கை அணைத்தாள், பெண்களைப் பின்வாசல் வழியாக வந்துபோகச் சொன்னாள். சீண்டாவிட்டால் அதுவும் சீண்டாது, கோடை முற்றுவதற்குள் தானாகப் போய்விடும் என்று நான் சொன்னதை நம்பினாள்.

நம்பாதவர் மாடியில் இருந்தார். வீட்டுச் சொந்தக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பிலோமினா அவரை மெசியே என்பாள். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பாஸ்கா லீவுக்குப் பிரான்சிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒரு பெண் குழந்தைக்கு அங்கே ஏதோ பூச்சி கொட்டி, முகம் வீங்கி, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறது. அந்த பயம் அவருக்கு. தேன் கொளுத்துகிற ஆளுக்குச் சொல்லிவிட்டார். பிலோமினா குறுக்கே நின்றால் பட்டறையைக் காலி செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

என்ன நிலைமை என்று பாருங்கள். அடையை எரித்தால், ‘விட்ட கூடு’ என்று அச்சடித்தவள் வீட்டிலேயே கூட்டைச் சுட்டார்கள் என்று ஊர் சிரிக்கும். எரிக்கவிடாமல் தடுத்தால், பாஸ்காவுக்கு முன்னால் மெழுகு அண்டாவோடு தெருவில் நிற்க வேண்டும். நான் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். ஆபத்து என்றால் எரித்துவிடச் சொல்லுங்கள், நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். யோசிக்கிறேன் சார் என்று வைத்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை யோசித்துக்கொண்டேதான் இருந்தேன்.

கொளுத்துகிற ஆள் சாயங்காலம் வருவதாக இருந்த அன்று, காலையிலேயே மெசியேவிடம் பேசப் போனேன். பேரப்பிள்ளைகள் வந்துபோக மறுபக்கம் முன்வாசல் இருக்கிறது, சந்துப் பக்க ஜன்னல்களுக்கு வலை அடித்துத் தருகிறோம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காபி கொடுத்தார், மரியாதையாகக் கேட்டார், முடியாது என்றார். “என் பேத்திக்கு ஒன்னுன்னா நீங்களா மதாம் பதில் சொல்லுவீங்க?” என்றார். நியாயமான கேள்வி. கீழே இறங்கி வந்தேன். பிலோமினா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு திரும்பவும் அண்டாவைக் கிண்டப் போய்விட்டாள்.

அப்போதுதான் முதல் வெடி கேட்டது. அடுத்த தெருவில் சரவெடி, பின்னால் பறை.

சாவு ஊர்வலம். நம் ஊரில் சாவு எடுப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வழியெல்லாம் பூ, பறை, வெடி. வயதாகி, பேரன் பேத்தி எடுத்துப் போனவர் என்றால் இன்னும் கூடுதல். பெரிய தெருவில் வாய்க்கால் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் ஊர்வலம் இந்தச் சந்து வழியாகத் திரும்பிவிட்டது. நிமிர்ந்து அடையைப் பார்த்தேன். பாயை உதறினால் ஓடுமே ஒரு அலை, அந்த மாதிரி தேனீக்கள் மேல் ஒரு அலை ஓடியது. கிட்டே வராதே என்று அவை சொல்வது அப்படித்தான். அதற்கு மேல் சொல்லாது, இறங்கிக் கொட்டிவிடும்.

பிலோமினா என் கையைப் பிடித்து இழுத்தாள். “உள்ள வந்துடுங்க மேடம். கதவ சாத்திக்கலாம். நாம ஒன்னும் பண்ணல, வெடி போடறது அவங்க.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பாடைக்குப் பின்னால் வருகிற கூட்டத்தில் கிழவிகள் இருப்பார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள் இருப்பார்கள். கொட்டு வாங்கியவர்கள் வெடி போட்டது யார் என்றா கேட்பார்கள்? மெழுகுதிரிக்காரி வளர்த்த தேனீ என்பார்கள். அதற்குப் பிறகு புதுச்சேரியில் எந்தப் பட்டறையிலும் தேனீ என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் நுழைய முடியாது. நான் தெருவில் இறங்கி நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் கலவரம் என்று நினைப்பார்கள்.

சந்து முனையில் ஊர்வலத்தைப் பிடித்தேன். முன்னால் கொள்ளிச் சட்டியோடு மூத்த மகன், ஈர வேட்டி, வெற்றுடம்பு. பக்கத்தில் வெடிப் பையோடு அவருடைய சித்தப்பா, நல்ல போதை. பறை அடிக்கிறவர்கள், அப்புறம் நாலு பேர் தோளில் பாடை. நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு குறுக்கே நின்றேன்.

“யாரும்மா நீ, சாவுல குறுக்க வந்து நிக்கிற?” என்றார் சித்தப்பா.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் நாக்கில் அப்போது என்னவெல்லாம் தயாராக இருந்தது தெரியுமா? நான் இன்ன அலுவலகம், இது இன்ன திட்டம், தேனீ விவசாயிக்கு நண்பன். ஒன்று சொல்லியிருந்தாலும் அந்தச் சரவெடியை என் காலடியிலேயே வைத்திருப்பார். அப்பனைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குத் தேனீ எதற்கு? அவன் கையில் என்ன இருக்கிறது? அவன் அப்பா இருக்கிறார்.

மகனைப் பார்த்து, ஐயா யாரு என்று கேட்டேன். அப்பா, மில்லில் இருந்தவர் என்றார். எங்கப்பாவும் மில்லுதான் என்றேன். அது உண்மை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“மேல பாருங்க தம்பி. பெருந்தேன் கட்டியிருக்கு. வெடி போட்டா எறங்கிடும். நாம எல்லாரும் ஓடிடலாம். பாடையத் தூக்குற நாலு பேரு எப்பிடி ஓடுவாங்க? ஐயாவ நடுத்தெருவுல எறக்கி வெச்சிட்டுத்தான் ஓடணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து இன்னொரு அலை ஓடியது. கொள்ளிச் சட்டியோடு திரும்பிப் பாடையைப் பார்த்தார். அப்பா பிணத்தைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடிய மகன் என்ற பேரோடு யாரால் இந்த ஊரில் இருக்க முடியும்?

“சித்தப்பா, வெடிய நிறுத்து” என்றார்.

சித்தப்பா பையைக் கீழே வைத்தார். ஆனால் அதோடு முடியவில்லை. பறை அடிக்கிற பெரியவர், இதுவும் வேண்டாமா என்று குச்சியைக் காட்டிக் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டியதும் சித்தப்பாவுக்குப் பொங்கிவிட்டது.

“வெடி இல்ல, பறையும் இல்ல. எங்க அண்ணன் இன்னா அனாதப் பொணமா?”

அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. பறைச் சத்தம் இல்லாமல் போகிற பாடை, ஆள் இல்லாதவருடைய பாடை. அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு சந்து முழுக்க நட என்று ஒரு மகனிடம் எந்த வாயால் சொல்வது? பறை அடித்தால் அடை இறங்கும் என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியாது, இறங்காது என்றும் சொல்ல முடியாது. மகன் என்னைப் பார்க்கிறார். பின்னால் இருக்கிறவர்கள் என்ன நிறுத்தம் என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குப் பின்னால் கதவு திறந்தது. பிலோமினா வெளியே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, அடைக்கு நேர் கீழே சுவர் ஓரமாகப் போய்க் கைகூப்பி நின்றாள். அவளைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம் பேர், அந்தப் பக்கம் கொஞ்சம் பேர். மெழுகு ஒட்டிய கையோடு, சத்தம் போடாமல் நின்றார்கள்.

“அனாத இல்லீங்க. நாங்க நிக்கிறோம், வாங்க” என்றாள் பிலோமினா.

நான் எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறேன், கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் கதவைச் சாத்தச் சொன்னவள்தான் இவள். பயம் போய்விடவில்லை, முகம் வெளுத்திருந்தது. இருந்தும் வந்து நின்றாள்.

சித்தப்பா வெடிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒதுங்கினார். பறை அடிக்கும் பெரியவர் முதலில் பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அழுதுகொண்டு வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மகன் நடக்க ஆரம்பித்தார். கடல் காற்று அடித்ததால் சட்டிப் புகை அடைக்கு எதிர்ப்பக்கமாகப் போனது. சந்து முழுக்கக் காலடிச் சத்தம் மட்டும்தான். அவ்வளவு பேர் நடந்தும் பாடையில் மூங்கில் கிறீச்சிடுவது கேட்டது. யார் சொன்னார்களோ, அடைக்குக் கீழே வந்தபோது தோளில் துண்டு போட்டிருந்தவர்கள் எல்லாரும் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். மேலே ஒரு அலை ஓடியது, அடங்கியது. இன்னொரு அலை வரவில்லை. பாடை சந்தைத் தாண்டி, தோண்டாத இடமாகப் பெரிய தெருவில் ஏறியதும் பறை அத்தனையும் ஒன்றாக முழங்கின. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

மெசியே மாடிக் கண்ணாடி ஜன்னலில் நின்று முழுக்கப் பார்த்திருக்கிறார். இறங்கி வந்தார். ஊர்வலம் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க ரெஜிமாந்துலகூட இப்பிடி ஒரு நடைய பாத்ததில்ல மதாம்” என்றார். பிறகு பிலோமினாவிடம், வலை எப்போது அடிப்பார்கள் என்று கேட்டார். சாயங்காலம் பந்தத்தோடு வந்த ஆளுக்கு அவரே டீ வாங்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

பேரப்பிள்ளைகள் வந்தார்கள். வலைக்குப் பின்னாலிருந்து லீவு முழுக்க அந்த அடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிலோமினா சொன்னாள். பயந்த பேத்திதான் ஜன்னலை விட்டு நகரவே இல்லையாம். பாஸ்கா திரிகள் எல்லாக் கோயிலுக்கும் போய்ச் சேர்ந்தன. பாஸ்கா முடிந்து கொஞ்ச நாளில், ஒரு காலையில் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. பிலோமினா ஏணி வைத்து அவளே ஏறி, விட்ட கூட்டை அறுத்தாள். மெசியே கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டறை அதே வீட்டில்தான் இருக்கிறது.

இதில் என் பங்கு என்ன என்று கேட்டால், பாதி. பாடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கண்டுபிடித்தது நான். அதற்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்வேன், யார் தடுக்க முடியும்? சித்தப்பா கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை, அது பிலோமினாவிடம்தான் இருந்தது. நீங்கள் ஒரு பட்டறைக்குப் போகும்போது பாதிப் பதிலோடுதான் போவீர்கள். மீதிப் பாதி அங்கே யாரிடமாவது இருக்கும். அவர்கள் வெளியே வருவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்கள்.

சமீபத்தில் அந்தச் சந்துக்குப் போனேன். கதிர்காமத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை இருந்தது, அது முடிந்து வருகிற வழியில் பிலோமினாவைப் பார்க்கலாமே என்று. தேனீ வருகிற காலம் இல்லை, மாடி வளைவு வெறுமையாக இருந்தது. வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சாவு வந்தது. யாரோ எவரோ, எனக்குத் தெரியாத குடும்பம். சந்து முனை வரைக்கும் காதைப் பிளக்கிற வெடியும் பறையும். சந்துக்குள் கால் வைத்ததும் எல்லாம் நின்றுவிட்டது. பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். எதிர் வீட்டுப் பெண்களும் பிலோமினாவின் பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

கடைசியாக வந்த பறைக்காரர் சின்ன வயது, அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? கூடவே நாலடி நடந்து, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை வெளியூர்க்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“இந்த சந்துல அடிக்க மாட்டோம்மா. இங்க ஜனங்க நின்னு அனுப்பி வெப்பாங்க. அது வழக்கம்.”

“எப்பத்துலேர்ந்து?”

“எப்பவுமேதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அந்தச் சாவு ஊர்வலத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான். பிலோமினா ஓடிவந்து என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள், அவளும் சிரித்துக்கொண்டுதான் கிள்ளினாள்.